பத்தாம் மாதத்து இரவுகள்

குழந்தை பிறந்த முதற் சில வாரங்களில் தாய்க்கு அறிவுரை கூறுவோருக்குக் குறைவில்லை. பிறந்த ஒரு மணி நேரத்திற்குள் பால் கொடுக்க வேண்டும், சீம்பாலைப் பீய்ச்சி எறியலாகாது, ஆறு மாதம் நிறையும் வரை தண்ணீரும் தேனும்கூட வேண்டாம் என்னும் செய்திகளை இன்று நம் நாட்டுக் குக்கிராமங்களில் உள்ள அங்கன்வாடிச் சுவர்களும் எடுத்துக் கூறுகின்றன. அதன் பயனும் கண்கூடாகத் தெரிகின்றது. 2019-21 ஆம் ஆண்டுகளில் நடைபெற்ற ஐந்தாவது தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளில் நூற்றுக்கு 64 பேர் தாய்ப்பால் மட்டுமே பெற்று வந்தனர். 2015-16 ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் இத்தொகை 55 ஆக இருந்தது. ஆனால் ஆறாம் மாதம் கடந்ததும் நமது குரல் தணிந்துவிடுகின்றது. "இணை உணவைத் தொடங்குங்கள், இரண்டு வயது வரையிலும், அதற்குப் பின்னும், தாய்ப்பாலைத் தொடருங்கள்" என்று இரண்டு வாக்கியங்களைச் சொல்லிவிட்டு நாம் அடுத்த வீட்டிற்குச் சென்றுவிடுகிறோம். 'தொடருங்கள்' என்னும் அந்த ஒரு சொல்லுக்குள் எத்தனை இரவுகள் அடங்கியிருக்கின்றன என்பதை எண்ணிப் பார்ப்பதில்லை.

இவ்வெண்ணம் எனக்கு உண்டானது தெலங்கானாவின் வட பகுதியில், ஆதிலாபாத் பக்கத்துக் கரிசல் நிலத்தில். பருத்தி எடுப்பு மும்முரமாக நடந்துகொண்டிருந்த மாதம் அது. ஊழியர் ஒருவருடன் நான் சென்ற வீட்டில் பத்து மாதப் பெண் குழந்தை ஒன்று இருந்தது. எடை குறையில்லை; தவழ்ந்து வந்து எங்கள் பையைப் பிடித்து இழுத்தது. தாயின் முகந்தான் வாடியிருந்தது. "ராத்திரி நாலு தடவை, அஞ்சு தடவை எழுப்புகிறாள், அக்கா. விடிந்தால் பருத்திக்குப் போக வேண்டும். என் பாலில் சத்து இல்லை என்று அத்தை சொல்கிறார்கள்" என்றாள். உடன் வந்த ஊழியர் நல்லவர், உழைப்பாளி. அவர் சிறிதும் தயங்காமல், "பால் போதவில்லை போலிருக்கிறது, அம்மா. இரவில் ஒரு புட்டிப் பால் கொடுத்துப் பார், நன்றாகத் தூங்கும்" என்றார். இரக்கத்தினால் சொன்ன சொல்தான் அது. இருப்பினும், அச்சொல்லைப் போலத் தீங்கு விளைக்கக்கூடிய சொல் அன்று முழுதும் நாங்கள் சென்ற வீடுகளில் வேறொன்றும் பேசப்படவில்லை என்பதே என் அபிப்பிராயம்.

முதலில், குழந்தை இரவில் விழிப்பது பால் போதாமைக்கு அடையாளம் என்ற நம்பிக்கையை எடுத்துக்கொள்வோம். உறக்கம் என்பது ஒரே ஆழமுள்ள குளமன்று. பெரியவர்களின் உறக்கம் ஏறக்குறைய 90 நிமிடத்திற்கு ஒரு முறை ஆழ்ந்தும் மேலெழுந்தும் வருகின்றது. குழந்தைகளுக்கு இச்சுழற்சி 50 அல்லது 60 நிமிடத்திலேயே முடிந்துவிடுகிறது. ஒவ்வொரு சுழற்சியின் முடிவிலும் அரை விழிப்பு உண்டு. நாமும் அவ்வாறு விழிக்கிறோம். புரண்டு படுத்து மறந்துவிடுகிறோம். குழந்தை மறப்பதில்லை. எட்டாம் ஒன்பதாம் மாதங்களில் இதனோடு இன்னொன்றும் சேர்கின்றது. கண்ணுக்கு மறைந்த பொருள் அழிந்துபோகவில்லை, எங்கேயோ இருக்கிறது என்னும் அறிவு அப்பருவத்தில்தான் வலுப்படுகிறது. அம்மா இல்லை என்றால் எங்கோ போயிருக்கிறாள் என்று அதற்கு இப்பொழுது தெரியும், ஆகவே அழைக்கிறது. தவழவும் பிடித்து நிற்கவும் கற்கும் குழந்தை, அவ்வித்தையை நள்ளிரவிலும் ஒத்திகை பார்ப்பதைத் தாய்மார் பலர் கண்டிருப்பர். அதுவரை நன்றாக உறங்கிய குழந்தை ஒன்பதாம் மாதத்தில் திடீரென்று விழிக்கத் தொடங்கினால், பெரும்பாலும் அது வளர்ச்சியின் அறிகுறியே.

விழிக்கும் குழந்தைகள் எத்தனை பேர் என்பதையும் பார்ப்போம். கனடா நாட்டில் நடத்தப்பெற்று 2018 ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆராய்ச்சியில், இயல்பாக வளரும் ஆறு மாதக் குழந்தைகளில் நூற்றுக்கு 38 பேர் தொடர்ச்சியாக ஆறு மணி நேரங்கூட உறங்கவில்லை. ஒரு வயதிலும் நூற்றுக்கு 28 பேர் அவ்வாறே இருந்தனர். எட்டு மணி நேரம் என்று அளவை உயர்த்தினால் ஒரு வயதில் 43 பேர் உறங்காதவர்கள். அவ்வாறு உறங்காத குழந்தைகள் அறிவு வளர்ச்சியிலோ உடலியக்க வளர்ச்சியிலோ பின்தங்கியதாகக் காணப்படவில்லை. பிரிட்டனில் ஆறு முதல் பன்னிரண்டு மாதக் குழந்தைகளின் தாய்மார் 715 பேரிடம் விசாரித்து 2015 இல் வெளியிட்ட ஆராய்ச்சி நமக்கு இன்னும் நெருக்கமானது. அக்குழந்தைகளில் நூற்றுக்கு 78 பேர் இரவில் ஒரு முறையாவது வழக்கமாக விழித்தனர். 61 பேர் இரவில் பால் குடித்தனர். தாய்ப்பால் குடிப்போர், புட்டிப்பால் குடிப்போர் என்ற வேற்றுமை இவ்விரண்டிலும் காணப்படவில்லை. பகலில் உணவும் பாலும் மிகுதியாக உண்ட குழந்தைகள் இரவில் பால் கேட்பது குறைந்தது. ஆனால் விழிப்பது குறையவில்லை. கனடா ஆராய்ச்சியிலோ, இரவில் நீண்ட நேரம் தொடர்ந்து உறங்கிய குழந்தைகளிடையே தாய்ப்பால் குடிப்போர் குறைவாகவே இருந்தனர். இரண்டையும் தாயிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும். தாய்ப்பால் குடிக்கும் குழந்தை சற்று அதிகம் விழிக்கக்கூடும். புட்டிக்கு மாற்றினால் உறங்கிவிடும் என்பதற்கு உறுதியும் இல்லை.

இனி, பால் சுரப்பின் இயல்பைச் சிறிது நோக்குவோம். பால் சுரக்கத் தூண்டும் புரோலாக்டின் என்னும் உட்சுரப்பு நீர் பகலைக் காட்டிலும் இரவில் மிகுதியாக இருக்கும். குழந்தை சப்பும்போது அது மேலும் உயரும். மார்பு காலியாகுந்தோறும் சுரப்பும் பெருகும் என்பது ஊழியர் அனைவரும் அறிந்த பாடம். இரவுப் பாலில் மெலடோனின் என்னும் பொருள் கலந்துள்ளது. பகற்பாலில் அது இல்லை என்றே சொல்லலாம். உறக்கத்தின் காலத்தை உடலுக்கு உணர்த்தும் பொருள் அது. தாயின் இரவு, பாலின் வழியாகக் குழந்தைக்கும் அறிவிக்கப்படுகிறது.

நான் கண்ட வீட்டில் நடந்தது இதனினும் எளியது. காலை ஏழு மணிக்குத் தாய் வயலுக்குப் போய் அந்தி சாயும்போது திரும்புகிறாள். பகல் முழுதும் குழந்தை பாட்டியிடம். பகலில் இழந்த பாலை அது இரவில் ஈடு செய்துகொள்கிறது. தாய் வேலைக்குத் திரும்பிய வீடுகள் பலவற்றில், பஞ்சாலையிலும் தேயிலைத் தோட்டத்திலும் அலுவலகத்திலும், இதுவே நடக்கின்றது. 2017 இல் திருத்தப்பட்ட சட்டம் மகப்பேற்று விடுமுறையை 26 வாரமாக உயர்த்தியது. நல்ல சட்டம், ஆனால் 26 வாரம் என்பது ஏறக்குறைய ஆறு மாதம். விடுமுறை முடியும் நாளும், இணை உணவு தொடங்கும் நாளும், இரவு விழிப்பு மிகும் காலமும் ஒன்றோடொன்று நெருங்கி வந்து சேருகின்றன. பருத்தி எடுக்கும் பெண்ணுக்கோ அந்த 26 வாரமும் இல்லை.

இந்நிலையில் இரவுப் பாலை நிறுத்தினால் குழந்தை எதை இழக்கிறது? உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, ஆறு முதல் பன்னிரண்டு மாதம் வரை குழந்தைக்கு வேண்டிய சக்தியில் பாதியையோ அதற்கு மேலாகவோ தாய்ப்பால் தர முடியும். இரண்டாம் ஆண்டில் மூன்றில் ஒரு பங்கைத் தர முடியும். குன்னூரில் இருந்த போஷாக்கு ஆராய்ச்சிக் கூடத்தில் 1950 களில் டாக்டர் சி. கோபாலன் ஏழைத் தாய்மாரின் பால் சுரப்பை அளந்து ஆராய்ந்தார். குறைந்த உணவே உண்ட அத்தாய்மாரும் நெடுங்காலம் கணிசமான அளவு பால் கொடுத்து வந்தனர் என்பதை அவ்வாராய்ச்சி காட்டிற்று. அந்தக் கூடமே 1958 இல் ஹைதராபாத்திற்கு மாறி, 1969 முதல் தேசிய போஷாக்கு நிறுவனம் எனப் பெயர் பெற்றது. 'சத்தில்லாத பால்' என்ற பழிச்சொல்லுக்கு இந்நாட்டிலேயே விடை கிடைத்து அறுபது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டன. மாமியார்களின் காதுக்குத்தான் அது இன்னும் எட்டவில்லை.

ஒரு தட்டில் பால் குறைந்தால் மறு தட்டில் உணவு கூட வேண்டும். நம் நாட்டில் அம்மறு தட்டு எப்படி இருக்கின்றது? மேற்சொன்ன ஐந்தாவது கணக்கெடுப்பில், ஆறு முதல் இருபத்து மூன்று மாதக் குழந்தைகளில் போதிய அளவும் போதிய வகையும் உள்ள உணவு பெற்றவர் நூற்றுக்கு 11 பேர் மட்டுமே. ஆறு மாதத்திலிருந்து ஐந்து வயது வரையுள்ள குழந்தைகளில் நூற்றுக்கு 67 பேருக்கு இரத்தசோகை இருந்தது. தட்டு வெறுமையாக இருக்கும் வீட்டில், இரவில் கிடைக்கும் பாலையும் நீக்கச் சொல்வது எவ்வகையிலும் நியாயமாகாது.

புட்டிப்பால் அந்த இடத்தை நிரப்பாது என்பதற்கு நீண்ட விளக்கம் வேண்டியதில்லை. கூலி வீட்டில் வாங்கும் கால் லிட்டர் பாலில் நீர் கலக்கும். விறகு அடுப்பு அணைந்த பின் நள்ளிரவில் புட்டியைக் கொதிக்க வைப்பார் எவருமிலர். ஈ மொய்த்த ரப்பர்க் காம்பு வாய்க்குப் போகும், வயிற்றுப்போக்கு வரும். புட்டி வயிற்றை நிரப்பிய இரவுகளில் மார்பு நிறைந்தே கிடக்கும். சில வாரங்களில் சுரப்பு குறையும். அப்பொழுது 'பால் போதவில்லை' என்ற சொல் உண்மையாகிவிடும். 1992 ஆம் ஆண்டிலேயே நம் பாராளுமன்றம் குழந்தைப் பால் பொடி, புட்டி ஆகியவற்றின் விளம்பரத்தைத் தடுக்கும் சட்டத்தை இயற்றி, 2003 இல் அதை மேலும் கடுமையாக்கியது. கம்பெனிகள் சொல்லக் கூடாதது என்று சட்டம் விலக்கிய அதே யோசனையை நமது ஊழியரின் வாயால் கூலி வாங்காமல் சொல்லச் செய்வது பெருந்தவறு.

இரவில் குழந்தையை உறங்க வைக்க நம் நாட்டில் இதைவிடக் கொடிய வழிகளும் இருந்தன. முற்காலத்துப் பம்பாயில் ஆலைத் தொழிலாளப் பெண்கள் அபினி கலந்த சிறு உருண்டைகளைக் குழந்தைக்குக் கொடுத்துவிட்டு வேலைக்குப் போயினர். வறுமையும் களைப்புமே அதற்குக் காரணம்; அத்தாய்மாரைக் கொடியவர் என்று சொல்ல எனக்கு மனமில்லை. இன்று அபினியின் இடத்திற்குச் சளி மருந்துப் பாகு வந்திருக்கிறது. குடித்தால் குழந்தை அயர்ந்து உறங்குகிறது என்பதற்காக, சளி இல்லாத நாளிலும் அதைக் கொடுப்பவர் உண்டு. குளோர்பெனிரமின், பெனைலெப்ரின் என்னும் இரண்டும் கலந்த மருந்தை நான்கு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குக் கொடுக்கக் கூடாதென்ற எச்சரிக்கையைப் புட்டியின் மேல் அச்சிட வேண்டுமென 2023 டிசம்பரில் மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரிகள் உத்தரவிட்டனர். வீட்டு மாடத்தில் அத்தகைய புட்டி இருக்கிறதா என்று ஊழியர் ஒரு பார்வை பார்த்துவிட்டு வருவது நல்லது.

படித்த குடும்பங்களில் வேறொரு பிழை வழங்குகின்றது. நியூஸிலாந்தில் 1907 இல் பிளங்கெட் சங்கத்தை நிறுவிய டாக்டர் ட்ரூபி கிங் என்பார், நான்கு மணிக்கு ஒரு முறை கடிகாரம் பார்த்துப் பால் கொடுக்க வேண்டும், இரவில் கொடுக்கலாகாது என்று போதித்தார். ஆங்கில ஆட்சிக் காலத்தில் அவ்விதமான போதனை பல நாடுகளுக்கும் பரவிற்று. கடிகாரம் இன்று ஆஸ்பத்திரியிலிருந்து போய்விட்டாலும், குழந்தையைத் தனியே அழவிட்டால் தானே உறங்கப் பழகும் என்னும் வழி நகரத்துப் பெற்றோரிடம் புத்தக வாயிலாக வந்து சேருகிறது. ஆறு மாதத்திற்கு மேற்பட்ட நலமுள்ள குழந்தைக்கு, பெற்றோர் படிப்படியாகச் செய்யும் இத்தகைய பழக்கத்தால் நிலையான தீங்கு நேர்ந்ததாக ஆராய்ச்சிகள் காட்டவில்லை. அதையும் நேர்மையாக ஒப்புக்கொள்ள வேண்டும். ஆயினும் அது தனி அறையும் தனிக் கட்டிலும் உள்ள வீட்டிற்கு எழுதப்பட்ட முறை. ஒரே அறையில் ஆறு பேர் படுக்கும் வீட்டில், சுவருக்கு அப்பால் அண்டை வீட்டார் உறங்கும் தெருவில், அழவிடு என்று சொல்வது நடைமுறைக்கு ஒவ்வாத யோசனை.

அப்படியானால் ஊழியர் என்ன சொல்ல வேண்டும்? சொல்வதற்கு முன் கேட்க வேண்டும் என்பதே என் முதல் வேண்டுகோள். பகலில் குழந்தை என்ன உண்கிறது, யார் ஊட்டுகிறார்கள்? தாய்ப்பாலோடு சேர்த்து ஆறு முதல் எட்டு மாதக் குழந்தைக்கு நாளொன்றுக்குச் சுமார் 200 கலோரியும், ஒன்பது முதல் பதினொரு மாதத்தில் 300 கலோரியும், இரண்டாம் ஆண்டில் 550 கலோரியும் மற்ற உணவிலிருந்து கிடைக்க வேண்டும். ஆதிலாபாத் வீட்டில் பாட்டி பகல் முழுதும் கொடுத்தது நீர்த்த பருப்புத் தண்ணீரும் இரண்டு பிஸ்கோத்துமே. அங்கன்வாடியில் வாங்கிய பாலாமிர்தம் மாவுப் பை பிரிக்கப்படாமல் பரண்மேல் இருந்தது. அம்மாவைக் கூலி நோக்கி அனுப்பிய வீடு, பாட்டிக்கு ஊட்டும் முறையைச் சொல்லித்தர மறந்திருந்தது. நாமும் மறந்திருந்தோம், ஏனென்றால் நமது அறிவுரைகள் யாவும் தாயை நோக்கியே பேசப்படுகின்றன, அவள் வீட்டில் இல்லாத நேரத்திலும். குழையப் பிசைந்த சோறும் கெட்டிப் பருப்பும், மேலே ஒரு சிறு கரண்டி நெய் அல்லது எண்ணெயும், கிடைத்தால் முட்டையும், பாட்டியின் கையால் பகலில் மூன்று வேளை போக வேண்டும். ஒரிஸாவில் சத்துவா, கேரளத்தில் அமிர்தம் நியூட்ரிமிக்ஸ் என்று மாநிலந்தோறும் பெயர் வேறாயினும் அங்கன்வாடி மாவுப் பையின் கதி பல வீடுகளில் இதுதான்.

அடுத்து, தாய் வேலைக்குப் போகுமுன் ஒரு முறை, திரும்பியவுடன் சமையலுக்கு முன் ஒரு முறை, உறங்குமுன் ஒரு முறை எனப் பாலை நிதானமாகக் கொடுக்கிறாளா என்று கேட்கலாம். பத்து மாதக் குழந்தை கண்ணில் படுவதையெல்லாம் வேடிக்கை பார்க்கும். பகலில் இரண்டு வாய் குடித்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொள்ளும். பிறகு அமைதியான இருளில் பசி நினைவுக்கு வரும். மூலையில் உட்கார்ந்து, ஆரவாரமில்லாமல் கொடுக்கும் அந்தி வேளைப் பால் இதற்கு ஓரளவு துணை செய்யும். மூக்கடைப்பு, காதுவலி, காய்ச்சல், வேகமான மூச்சு, எடை ஏறாமை ஆகியவை இருந்தால் அது உறக்கத்தின் பிரச்சினையன்று; டாக்டரிடம் அனுப்ப வேண்டும். இரும்புச் சத்துக் குறைவும் குழந்தையின் உறக்கத்தைக் குலைப்பதுண்டு. ஆறு மாதம் முதல் வாரம் இரு முறை 1 மில்லி வீதம் கொடுக்க வேண்டிய, 20 மில்லிகிராம் இரும்புச் சத்துள்ள பாகுப் புட்டி வீட்டில் இருக்கிறதா என்பதோடு, அது குறைந்திருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். நிறைந்த புட்டி கண்ணுக்கு அழகே தவிர, குழந்தையின் இரத்தத்தில் சேராது.

இவ்வளவும் செய்த பிறகும் குழந்தை இரண்டு முறை விழிக்கலாம். அப்போது நாம் தாயிடம் 'இது இயல்புதான்' என்று மட்டும் சொல்லி வந்துவிட்டால் அவளுக்கு என்ன ஆறுதல்? உறக்கமின்மை உண்மையான துன்பம். மாதக்கணக்கில் அது தொடர்ந்தால் மனச் சோர்வுக்கும் வழி கோலும். ஆகவே தாயின் உறக்கத்தைக் குழந்தையின் எடையைப் போலவே ஊழியர் விசாரிக்க வேண்டும் என்று கருதுகிறேன். பால் கொடுப்பது தாயால் மட்டுமே முடியும். மற்றவை எல்லாம் மற்றவராலும் முடியும். அந்தியில் சமையலை மாமியாரோ நாத்தனாரோ ஏற்றால் அவள் குழந்தையுடன் எட்டு மணிக்கே படுக்கலாம். அதிகாலை அழுகைக்குத் தகப்பன் எழுந்து தோளில் போட்டு உலாவலாம். தண்ணீர் எடுத்து வரலாம். "அவர் களைத்து வருகிறார்" என்று சொல்லாத வீடு இல்லை. அவளும் களைத்துத்தான் வருகிறாள், அதே வயலிலிருந்து.

பக்கவாட்டில் படுத்தவாறே பால் கொடுக்கத் தாய்க்குக் கற்றுக் கொடுப்பது ஊழியர் செய்யக்கூடிய பேருதவிகளில் ஒன்று. நம் நாட்டில் தாயும் சேயும் அருகருகே படுப்பதே வழக்கம்; அது பால் கொடுப்பதற்குத் துணையானது. பாய் தரையில் இருக்கட்டும். குழந்தையை மல்லாக்கப் படுக்க வைக்கட்டும். கனத்த ரஜாயும் தலையணையும் முகத்தருகே வேண்டாம். புகை பிடிப்பவர், மது அருந்தியவர், மயக்கம் தரும் மருந்து உண்டவர் குழந்தைக்கு அருகில் படுக்கலாகாது. இது மாமியார் முன்னிலையில் சொல்லக் கூச்சமான செய்தி. இருந்தும் சொல்லியே தீர வேண்டும். தாயின் தட்டையும் மறக்கலாகாது. ஏழாம் மாதம் முதல் பன்னிரண்டாம் மாதம் வரை பால் கொடுக்கும் தாய்க்கு நாளொன்றுக்கு 520 கலோரி அதிகம் வேண்டும் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் தேசிய போஷாக்கு நிறுவனமும் 2020 இல் வகுத்துள்ளன. பிரசவத்தின்போது கொடுத்த பத்திய உணவும் கவனிப்பும் நாற்பது நாளில் நின்றுவிட, பத்தாம் மாதத்தில் அவள் எல்லோரும் உண்டபின் மிஞ்சியதை உண்கிறாள்.

இங்கே ஒன்றை இடைமறித்துச் சொல்ல வேண்டும். இரவில் பால் கொடுப்பதால் கருத்தரிக்காது என்று நம்பியிருக்கும் தாய்மார் பலர். குழந்தை ஆறு மாதத்துக்கு உட்பட்டதாய், தாய்ப்பாலே உணவாய், மாதவிலக்கும் திரும்பாதிருந்தால் நூற்றுக்கு 98 பங்கு பாதுகாப்பு உண்டு என்பது 1988 இல் பெல்லாஜியோவில் கூடிய விஞ்ஞானிகளின் முடிவு. ஆறு மாதத்திற்குப் பின் அந்நம்பிக்கைக்கு இடமில்லை. பத்தாம் மாதத்து இரவுகளைப் பற்றிப் பேசும் ஊழியர் குடும்பக் கட்டுப்பாட்டையும் அதே மூச்சில் பேசுதல் பொருத்தம்.

ஒரு வயது நிறைந்து, உணவு நன்றாக உண்ணும் குழந்தைக்குத் தாய் இரவுப் பாலைக் குறைக்க விரும்பினால் அவளைக் குற்றவாளியாக்க வேண்டாம். படிப்படியாகக் குறைக்க வழி உண்டு. ஒரு வேளையை முதலில் சுருக்கி, பின் நிறுத்தி, அந்நேரத்தில் தகப்பனோ பாட்டியோ தட்டிக் கொடுத்து, வேண்டுமானால் ஒரு வாய் தண்ணீர் கொடுத்து, ஒரு வாரம் கழித்து அடுத்த வேளைக்குச் செல்லலாம். பகற்பால் தொடரட்டும். மார்பில் வேப்பெண்ணெய் தடவி ஒரே இரவில் மறக்கடிக்கும் வழக்கம் வட நாட்டிலும் தென்னாட்டிலும் உண்டு. அதனால் தாய்க்குப் பால் கட்டிக் காய்ச்சல் வரலாம், குழந்தை தாயையே அஞ்சித் தேம்பலாம். ஒரு வயதுக்குப் பின் இரவெல்லாம் பால் குடிக்கும் குழந்தைகளுக்குச் சொத்தைப்பல் மிகுதி என ஆராய்ச்சிகள் சொல்வதும் உண்மை. முளைத்த பல்லை உறங்குமுன் ஈரத் துணியால் துடைத்துவிடுவதும், சர்க்கரையும் இனிப்புப் பிஸ்கோத்தும் தராமலிருப்பதும் அதற்குத் தற்காப்பு.

ஆசிரியர்களுக்கு இதில் என்ன வேலை என்று கேட்கலாம். முதல் மணியிலேயே மேசைமீது தலைசாய்ந்து உறங்கும் ஐந்தாம் வகுப்புச் சிறுமியை அவர்கள் அறிவார்கள். அம்மா கூலிக்குப் போகும் வீட்டில் தம்பியின் தொட்டிலை இரவில் ஆட்டுபவள் பல சமயம் அவளே. பிரம்பை எடுக்குமுன் வீட்டில் கைக்குழந்தை உண்டா என்று கேட்பது நல்லது. அச்சிறுமிகளும், அவர்களோடு படிக்கும் சிறுவர்களும், பத்தாண்டு கழித்துத் தாய் தந்தையர் ஆவார்கள். உயிரியல் பாடத்தில் பாலூட்டிகளைப் பற்றிப் படிக்கும் பிள்ளைகளுக்கு, மனிதக் குழந்தை இரவில் ஏன் விழிக்கிறது என்பதை ஒரு பாட வேளையில் சொல்லிவிட முடியும். ஆசிரியைகளில் எத்தனையோ பேர் விடுமுறை முடிந்து திரும்பி, இடைவேளையில் பாலைப் பீய்ச்சி எடுக்க மறைவான ஓர் இடமின்றித் தவிக்கின்றனர். தலைமையாசிரியர் ஒரு பழைய அறையைத் துப்புரவு செய்து, உள்தாழ்ப்பாள் ஒன்று பொருத்திக் கொடுத்தால் போதும்; அதற்கு எவருடைய உத்தரவும் தேவையில்லை.

2018 முதல் ஆஷா ஊழியர்கள் குழந்தையின் 3, 6, 9, 12, 15 ஆம் மாதங்களில் வீடு தேடிச் செல்லும் திட்டம் நடைமுறைக்கு வந்தது. அவற்றுள் ஒன்பதாம் மாதத்துச் சந்திப்பே என் கருத்தில் மிகவும் பயன்தரக் கூடியது. தாய் சோர்ந்து, புட்டியைப் பற்றி எண்ணத் தொடங்கும் காலம் அது. எடையும் உயரமும் எழுதி முடித்த பின், "நேற்று இரவு நீ எத்தனை மணி நேரம் உறங்கினாய், அம்மா?" என்று ஒரு கேள்வி கேட்கப்பட வேண்டும். விடையைப் பாட்டியும் கணவனும் கேட்கும் தூரத்தில் இருந்தால் இன்னும் நல்லது.

ஆதிலாபாத்தில் அன்று புட்டி வாங்கும் யோசனையைத் திரும்பப் பெற்றுக்கொள்ள அந்த ஊழியர் தயங்கவில்லை. பரணிலிருந்த மாவுப் பையை அவரே இறக்கிப் பிரித்து, பாட்டியின் எதிரில் வெந்நீரில் கெட்டியாகக் குழைத்துக் காட்டினார். குழந்தை அரைக் கிண்ணம் உண்டது. மூன்று வாரம் கழித்து அவரிடம் விசாரித்தேன். குழந்தை இன்னும் இரவில் இரண்டு முறை விழிக்கிறதாம். தாய் படுத்தபடியே பால் கொடுக்கப் பழகிவிட்டாளாம். கணவன் எழுந்திருக்கிறானா என்று கேட்டேன். "ஒரு நாள் எழுந்தான் ஐயா, மறுநாள் எழவில்லை" என்றார்.